சகாயராணியின் விடைத்தாள்

கேள்வித்தாளை இரண்டாம் முறையும் வாசித்து முடித்தபோது சுவர்க்கடிகாரத்தில் மணி பத்தே கால். வில்வநாதன் பேனாவின் மூடியைக் கழற்றி மேசையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். எதிரில் சகாயராணி இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் கண் போனவள். இப்போது வயது நாற்பத்தொன்று. திருச்சியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கரஸ்ஸில், அதாவது அஞ்சல்வழியில், எம்.ஏ. வரலாறு படித்து மற்ற எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டாள், இந்த ஒன்று மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது, மூன்றாம் தடவையாக எழுத வந்திருக்கிறாள். அவள் சொல்வாள், இவர் எழுதுவார். அவ்வளவுதான் ஏற்பாடு. சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல், குறைக்காமல், திருத்தாமல் எழுதவேண்டும். அதற்காகவே அந்தப் பாடத்தைப் படிக்காத ஆளாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்தில் இருந்த புவியியல் ஆய்வகத்தை இவர்கள் இருவருக்காகத் திறந்துவிட்டிருந்தார்கள். அலமாரிமேல் உலக உருண்டைகள் தூசி படிந்து வரிசையாக இருந்தன, ஏப்ரல் வெயில் அதற்குள் ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது. வாசலோரம் நாற்காலி போட்டிருந்த கண்காணிப்பாளர் பர்வீன் மேடம் சற்றுமுன் படிவத்தைத் தூக்கிப் பார்த்து, "சார், தொழில்ங்கற எடத்துல ஒண்ணும் போடலியே" என்றபோது அவர் ஒரு நிமிடம் விழித்துவிட்டு 'ஓய்வு' என்று எழுதிக் கொடுத்தார். அதைக் காதில் வாங்கிக்கொண்ட சகாயராணி, "நாலு மணி நேரம் உக்காந்து எழுதப்போறீங்க, இதுல என்ன சார் ஓய்வு?" என்று சிரித்தாள். ஐம்பத்துமூன்று வயதில் ஓய்வு. அந்தச் சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது என்னவோ உண்மை.

"எழுதிக்கோங்க சார். முதல்ல பஞ்சத்தைப் பத்தின கேள்வி" என்று அவள் ஆரம்பித்தாள், பேனா ஓட ஆரம்பித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சம், கமா, பருவமழை பொய்த்ததால் மட்டும் வந்ததன்று. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறவர்களிடம் வார்டு எண் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் சரியான இடம் விட்டது, அந்த இடத்தில் பேனா மூச்சு வாங்கிக்கொண்டது. முதல் பத்து வரிக்குள் கைக்கு ஓர் ஓட்டம் கிடைத்துவிடும், அதற்கப்புறம் கை தன் பாட்டுக்குப் போகும், மனசு தன் பாட்டுக்குப் போகும், இரண்டும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்போல ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கும். இன்றைக்கு அப்படி இருக்குமா என்று தெரியவில்லை. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள், பழைய கம்பெனியில் மேலதிகாரியாக இருந்த ரங்கபாஷ்யம் சாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் போர்டு கூடுகிறது, அதற்குள் வில்வா, ஒரு 'எஸ்' மட்டும் சொல்லு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன், ராஜஸ்தான்ல புது ஃபேக்டரி, நீதான் தலைமை, உன்னை விட்டா எனக்கு வேற ஆள் கிடையாது. நேற்று முன்தினம் சொன்னார். போனோ பர்வீன் மேடத்தின் மேசை டிராயரில் அணைந்து கிடக்கிறது. பரீட்சை முடியப் பகல் இரண்டு மணி ஆகும், எழுத ஆள் வைத்துக்கொள்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. காலையிலேயே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு பேனாவை எடுத்துப் பையில் குத்திக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். மனைவி அகிலா வாசல்வரை வந்து, "நீங்க என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சரிதான்" என்றாள். அந்தச் 'சரிதான்' பஸ்ஸில் ஏறிப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவரோடேயே வந்தது.

முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி சார், என்றாள். பத்தி என்றால் ஒரு விரல்கடை உள்ளே தள்ளி ஆரம்பிக்க வேண்டும், ஐந்தாம் வகுப்பில் கற்றுக்கொண்டது, படிப்பு முடிந்த பிறகு முப்பது வருஷம் உபயோகமே இல்லாமல் எங்கேயோ கிடந்தது. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தபோது ஷிஃப்ட் நோட்டில் எழுதியதுதான் கடைசியாகக் கையால் எழுதியது. அப்புறம் படிப்படியாக மேலே போகப் போக எழுத்து குறைந்துகொண்டே வந்து, பொது மேலாளர் ஆனபோது வெறும் கையெழுத்தாகி, சென்னைத் தலைமை அலுவலகத்தில் வைஸ் பிரசிடெண்ட் ஆனபோது இரண்டு எழுத்துக் கிறுக்கலாகிவிட்டது. அன்றைக்கு நட்சத்திர ஓட்டலில் ஒரு கூடம், கண்ணாடித்தாள் சுற்றிய பூங்கொத்து, எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், இவரும் சிரித்தார், சிரிக்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கண்ணால் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. துக்கம் இல்லை, சலிப்புகூட இல்லை, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியாத மாதிரி. பல்ப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதற்குப் பிறகும் நாலு வருஷம் வேலை பார்த்தார். பார்த்தார் என்ன, நன்றாகவே பார்த்தார், ரங்கபாஷ்யம் சாரே சொல்வார், வில்வா இருந்தா கில்ன் நிக்காது, உலை ஓடிக்கிட்டே இருக்கும் என்று. ஒரு செவ்வாய்க்கிழமை உலைப் பராமரிப்பு அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரே பக்கத்தை ஆறாவது தடவையாக வாசிப்பதைக் கண்டுபிடித்தார். அந்த வாரமே ராஜினாமா. மைத்துனன் பதறிப்போய் ஓடிவந்து டாக்டரிடம் கூட்டிப் போனான், டாக்டர் சர்க்கரை பார்த்தார், தைராய்டு பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில் மைத்துனனுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

"ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறாம் ஆண்டு தொடங்கிய இந்தப் பஞ்சத்தில்" என்றாள் சகாயராணி. எண்பத்தாறு என்று எழுதப்போன பேனா ஒரு நொடி காகிதத்துக்கு மேலேயே நின்றது. எழுபத்தாறு. தாது வருஷம். வரலாறு படிக்காத ஆளுக்கும் அது தெரியும், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் படித்தது. அவளுக்கும் தெரியும். போன வாரம் இவரிடமே போனில் பாடத்தை ஒப்பித்தபோது எழுபத்தாறு என்றுதான் சொன்னாள். வாய் தவறிவிட்டது. லேசாகத் தொண்டையைச் செருமினால் போதும், பர்வீன் மேடத்துக்குச் சந்தேகம் வராது, வில்வநாதனுக்கு ஏப்ரல் புழுதியில் தொண்டை கரகரப்பது இயல்புதான். செருமவில்லை. ஒன்று, எட்டு, எட்டு, ஆறு என்று அழகாக எழுதினார். இருபத்தாறு வருஷம் அடுத்தவன் எழுதியதைத் திருத்தியே சோறு தின்ற கை. சிவப்பு மை இல்லாமல் ஒரு கடிதமும் அவர் மேசையைத் தாண்டிப் போனதில்லை, கமா இடம் மாறியிருந்தால்கூடச் சுழித்துவிடுவார். ஆனால் இந்தத் தாள் அவருடையது இல்லை, இந்தப் பிழையும் அவருடையது இல்லை, இரண்டையும் தொடாமல் இருப்பதுதான் அவருக்குக் கொடுத்திருக்கிற மரியாதை, அவளுக்குக் கொடுக்கிற மரியாதையும் அதுவே. நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது. அரிக்கட்டும். சொன்ன பேச்சைக் கேட்டுப் பேசாமல் இருக்கிற கைதான் இன்று தேவை.

ராஜினாமாவுக்கப்புறம் என்னென்னவோ செய்து பார்த்தார். திருவானைக்காவல் வீட்டு மாடியில் தொட்டித் தோட்டம் போட்டார், மூன்று மாதத்தில் எந்தத் தொட்டியில் எத்தனை கத்திரிக்காய் என்று சுவரில் அட்டவணை ஒட்டியிருந்ததைப் பார்த்து அகிலா, "இதுவும் ஃபேக்டரி ஆயிடுச்சா?" என்று கேட்டாள். புல்லாங்குழல் வகுப்புக்குப் போனார், ஒரு மாதத்தில் இவ்வளவு உருப்படி என்று இலக்கு வைத்துக்கொண்டார், மூச்சு முட்டியது. கொள்ளிடக்கரை நடை, அதற்கு ஒரு கைக்கடிகாரம், அது காலடிகளை எண்ணியது. எதைத் தொட்டாலும் அது வேலையாகிப் போனது. தொட்டதெல்லாம் சிமெண்டாக இறுகுகிற சாபம் ஏதும் இருக்குமோ என்றுகூட ஒரு நாள் நினைத்துக்கொண்டார். அப்புறம் மகளின் சர்டிபிகேட் விஷயமாக இதே கல்லூரிக்கு வந்து ஒரு கவுண்டர் முன்னால் வரிசையில் நின்றபோதுதான் ஒரு லெக்சரர் ஓடி வந்தார், "யாருக்காவது தமிழ் நல்லா எழுத வருமா? பரீட்சை எழுதிக் கொடுக்கற ஸ்கிரைப் வரல, பரீட்சை ஆரம்பிச்சிருச்சு" என்று மூச்சிரைக்க. வரிசையில் நின்ற பதினைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். இவர் கையைத் தூக்கினார். ஏன் தூக்கினார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அன்றைக்கு மூன்று மணி நேரம் யாரோ ஒருவர் சொன்ன அரசியல் கோட்பாட்டை எழுதிவிட்டு வெளியே வந்தபோது கை வீங்கியிருந்தது, பசித்தது, பசி என்றால் சின்ன வயதில் ஆற்றில் குளித்துவிட்டு வந்தால் எடுக்குமே அந்தப் பசி. கேன்டீனில் நாலு பூரி தின்றார். எத்தனை பக்கம் எழுதினோம் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது.

"நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் கூலியாக நிர்ணயிக்கப்பட்டது." எழுதினார். "சார், 'ற'னா போடுங்க நிர்ணயிக்கப்பட்டதுக்கு" என்றாள் திடீரென்று. "அதுக்கு 'ர்'தான்ம்மா வரும்" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார், அதற்குள் அவளே, "இல்ல இல்ல, சின்ன 'ர்'தான், விடுங்க" என்றாள். இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். இவளுக்கு எதற்கு இந்த எம்.ஏ.? முதல் தடவை பார்த்தபோதே கேட்டார், புரமோஷன் வருமா என்று. "டெலிபோன் ஆபரேட்டருக்கு என்ன சார் புரமோஷன், பெரிய டெலிபோன் ஆபரேட்டரா? ராத்திரி டியூட்டியில போன் வராத நேரத்துல காதுல பாடத்தைப் போட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். எனக்கு முன்னாடி எவ்வளவு பேர் இருந்திருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா ஒத்தையில உக்காந்திருக்கற மாதிரியே இருக்காது" என்றாள். அவர் வீட்டுக்கு வந்து அகிலாவிடம் அதை அப்படியே சொன்னார், அகிலா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, "நல்லா சொல்லியிருக்காங்க" என்றாள். அகிலா நல்லவள். உறவுக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில், சார் இப்ப என்ன பண்றார் என்று கேட்பவர்களிடம் அவள் "ரெஸ்ட்ல இருக்கார்" என்று சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கும், அதை அவர் இரண்டு பந்தி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் கேட்டுவிடுவார். ராஜஸ்தானுக்குப் போனால் அந்தக் குரல் மறுபடி ஏறும். அவளுக்காகப் போகலாமா? இது ஓடி ஒளிவதுதானா, பரீட்சை எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒரு நல்ல பெயரைப் போர்த்திக்கொண்டு? அங்கே முன்னூறு பேருக்கு வேலை கிடைக்கும், இங்கே ஓர் ஆளுக்கு ஒரு பேப்பர். தராசில் வைத்தால் எது இறங்கும்? தராசில் வைக்கிறதே பழைய புத்திதான். பழைய புத்தி என்றால் தப்பா? அந்தப் புத்திதான் வீடு கட்டியது, மகளைப் படிக்க வைத்தது, உலை நிற்காமல் பார்த்துக்கொண்டது, அதை இப்போது திட்டுவது நன்றி கெட்ட வேலை.

கட்டைவிரலின் அடியில் வலி ஆரம்பித்திருந்தது. பேனாவை விரலிடுக்கில் வைத்தபடியே கையை ஒரு முறை விரித்து மூடினார். விக்டோரியா ஞாபகம் அங்கிருந்துதான் வந்தது. பதினோரு வருஷம் அவருக்கு ஸ்டெனோவாக இருந்தவள். அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே அவர் சொல்வார், அவள் குனிந்த தலை நிமிராமல் சுருக்கெழுத்தில் எடுப்பாள், நிறுத்தமே கிடையாது, அவர் நடைதான் வேகம். ஒரே ஒரு தடவை, "சார், கொஞ்சம் மெதுவா" என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கடைசி இரண்டு வருஷம் வலது மணிக்கட்டில் தோல்நிறத்தில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு வந்தாளே, அது என்ன என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இப்போது அவருக்குத் தெரியும் அது என்னவென்று, இதோ இந்த இடத்தில்தான், கட்டைவிரலில் தொடங்கி முழங்கைக்கு ஒரு கம்பி போல. பதினோரு வருஷம். அவள் கையைப் பார்த்ததே இல்லை. முகம் ஞாபகம் இருக்கிறது, கை ஞாபகம் இல்லை. ஓய்வு பெற்று வேளாங்கண்ணிப் பக்கம் எங்கோ மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போன் நம்பர் யாரிடமாவது வாங்கலாம். வாங்கி என்ன சொல்வது, விக்டோரியா, எனக்கு இப்போதுதான் கை வலிக்கிறது என்றா. அதைத்தான் சொல்லவேண்டும், வேறென்ன சொல்ல இருக்கிறது. சொல்லிவிடலாம், இந்த வாரமே. பேனா மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. விடைத்தாளின் ஆறாம் பக்கம். 'அதனால்தான் அந்தச் சாவுகளை நாம் இன்றும் எண்ணிக்கையாக மட்டுமே அறிகிறோம்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். வைத்துவிட்டுப் பார்த்தார். எதனால்தான்? மேல் வரியில் பக்கிங்காம் கால்வாயில் நிவாரண வேலை நடந்தது என்று இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அவள் சொல்லியிருக்கிறாள். இவர் எழுதவில்லை.

இதற்கு முன்னால் எத்தனையோ பரீட்சை எழுதிக் கொடுத்திருக்கிறார், இப்படி நடந்ததில்லை. அவள் அடுத்த வாக்கியத்தை யோசிக்கிறாள், உதடு அசைகிறது. ஒரு வரிதானே. ஆறு பக்கத்தில் ஒரு வரி, நூற்றில் ஒரு பங்குகூட வராது, திருத்துகிறவர் கவனிக்கக்கூட மாட்டார், கவனித்தாலும் பார்வையில்லாதவர் சொல்லி எழுதியது, கோர்வை தப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார். அந்த நினைப்புதான் சுருக்கென்று தைத்தது. அவள்தான் கோர்வையாகச் சொல்லத் தெரியாதவள் என்று ஆகிவிடும். அந்தப் பழியை அவள் தலையில் கட்டிவிட்டு இவர் பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். யாருக்கும் தெரியாது, சகாயராணிக்குக்கூடத் தெரியாது. தெரியாது என்பதுதான் பயமாக இருந்தது. இத்தனை நாளும் இந்த அறைகளில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குக் கிடைத்த நிம்மதியெல்லாம் இந்த ஒரு இழையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது போலும், அவள் சொன்னதெல்லாம் இங்கே இருக்கிறது என்கிற ஒரு இழை. "சகாயராணிம்மா, ஒரு நிமிஷம்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நான் ஒரு வரி விட்டுட்டேன். கவனம் எங்கியோ போயிடுச்சு. என் தப்பு. கால்வாய் வேலைக்கும், அதனால்தான் அந்தச் சாவுகளைங்கறதுக்கும் நடுவுல." பர்வீன் மேடம் நிமிர்ந்து பார்த்தாள். சகாயராணியின் கைகள் மேசைமேல் அப்படியே இருந்தன. "கொஞ்ச நேரம் பேனாச் சத்தம் கேக்கல. கை உதறுறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம், "நான் என்ன சொன்னேன் சார்?" என்றாள். "தெரியலம்மா." "எனக்கும் மறந்துபோச்சே."

விசிறி முனகியது. புத்தகத்தில் இருக்கிற வரி என்றால் மறுபடி சொல்லிவிடலாம், அது புத்தகத்தில் இல்லாதது, அவளாக யோசித்து அந்த நிமிடத்தில் சொன்னது, அதனால்தான் பிடிக்குச் சிக்கவில்லை. மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாயெடுத்தவரைக் கையமர்த்திவிட்டு, "அந்தப் பக்கத்தை முதல்லேருந்து வாசிங்க சார். எதையும் அழுத்தாம வாசிங்க" என்றாள். வாசித்தார். கால்வாய்க்கு வந்ததும் நிறுத்தினார். அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள், ஆஸ்பத்திரி போனில் மறுமுனையில் அழுதுகொண்டிருக்கிற ஆள் பேர் சொல்லும்வரை காத்திருப்பதுபோல, அவசரமே இல்லாமல். "இன்னொரு தடவை." வாசித்தார். மூன்றாம் தடவை வாசிக்கும்போது அவள் முகத்தில் ஏதோ வந்து உட்கார்ந்தது. "எழுதிக்கோங்க" என்றாள். "மண் சுமந்தவர்களுக்குக் கொடுத்த தானியத்தின் எடை ஆவணத்தில் இருக்கிறது, கமா, சுமந்தவர்களின் பெயர் இல்லை." பக்கத்தின் ஓரத்தில் அம்புக்குறி போட்டு, இடம் காட்டி, அதை எழுதினார். அவள் சொல்லி முடித்ததும் தனக்குள் ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்தாள். "முதல்ல சொன்னது இதைவிட நல்லா இருந்துச்சோ என்னமோ. போகட்டும், இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். கோபம் கொஞ்சமும் இல்லை. "இனிமே கவனமா இருக்கேன்ம்மா" என்றார் அவர், வகுப்பில் ஏதோ செய்து மாட்டிக்கொண்ட பையன் போல. "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது சார்" என்றாள் அவள், அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

பெண்கல்வி பற்றிய கேள்வியின் பாதியில் அவர் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். பன்னிரண்டு எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. பஸ்ஸில் நாம் இறங்கவேண்டாம் என்று நினைத்த ஊர் தூங்கும்போது கடந்துபோய்விடுகிற மாதிரி போயிருக்கிறது. மனசு திடுக்கிடும் என்று எதிர்பார்த்தார். திடுக்கிடவில்லை. போர்டு கூடியிருப்பார்கள், ரங்கபாஷ்யம் சார் போனைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு வேறு ஒரு பேரைச் சொல்லியிருப்பார், வேறு யாரோ ஒரு நல்ல ஆள் இந்நேரம் தன் மனைவியிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பான். நன்றாக இருக்கட்டும். இது முடிவு எடுத்ததாகுமா, இல்லை முடிவு எடுக்காமல் நழுவியதா என்று பழைய புத்தி ஒரு கேள்வி கேட்டது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அதுவே போய்விட்டது. உண்மையில் முடிவு பன்னிரண்டு மணிக்கு ஆகவில்லை, இன்று காலையில் இரண்டு பேனாவை எடுத்தபோதே ஆகிவிட்டது, வாய்தான் சொல்லாமல் இருந்தது. இப்போது மனசு ஓடவில்லை. ஓடாமல் அவள் குரலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தது. முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி, மேற்கோள் குறி ஆரம்பம், மேற்கோள் குறி முடிவு. முழங்கைவரை வலித்தது, முதுகு வியர்த்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது, கடைசி அரை மணி நேரம் எழுத்து கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் ஒரு சொல் விடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கண்ணால் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. ஒன்றே முக்கால் மணிக்குச் சகாயராணி, "போதும் சார், என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு" என்று இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்தாள். மேசையில் இரண்டு உள்ளங்கை அளவுக்கு வியர்வை படிந்திருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று போனை உயிர்ப்பித்தபோது ரங்கபாஷ்யம் சார் ஏழு தடவை கூப்பிட்டிருந்தார். வலது கையால் போனைப் பிடிக்க முடியவில்லை, இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவரைக் கூப்பிட்டார். "எங்கய்யா போனே? போனை வேற அணைச்சு வெச்சிருக்கே?" "பரீட்சை சார்." "யாருக்கு, பொண்ணுக்கா?" "இல்ல சார், இங்க ஒருத்தங்களுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். சார், நான் வரலை. முன்னாடியே சொல்லியிருக்கணும், இழுத்தடிச்சது தப்புதான், மன்னிச்சிருங்க." "உன் பேரைத்தான் இன்னும் மாத்தாம வெச்சிருக்கேன். சாயங்காலம்வரைக்கும் டைம் இருக்கு, வில்வா." இது அவர் எதிர்பார்க்காதது. கதவு மூடிவிட்டது என்று நிம்மதியாக இருந்தவருக்கு அது இன்னும் திறந்துதான் இருக்கிறது என்று தெரிந்தது. ஏழெட்டு அடி தள்ளிச் சகாயராணி மடக்குக் குச்சியை ஒவ்வொரு கணுவாக நீட்டிக்கொண்டிருந்தாள். "வேண்டாம் சார்" என்றார். சொல்லிவிட்டு, அதைச் சொன்ன தன் குரலைக் கேட்டுக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது. "இங்க வேலை இருக்கு சார்." ரங்கபாஷ்யம் சார் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "சரிய்யா, உடம்பைப் பாத்துக்கோ" என்றார். அதற்கப்புறம் அகிலா. முதல் மணியிலேயே எடுத்தாள். "வரலைன்னு சொல்லிட்டேன்" என்றார். அடுப்பில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது, அதைத் தணிக்கிற சத்தமும் கேட்டது. "கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு எனக்கு" என்றாள் அகிலா. "இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா நீங்க போனீங்கன்னா இதைவிட வருத்தமா இருந்திருக்கும்." "அந்தம்மா சாப்பிட்டாங்களா? மணி ரெண்டாச்சு. கூட்டிட்டு வாங்க, வாழைப்பூ வடை தட்டியிருக்கேன்."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் சகாயராணி கேட்டாள். "இப்ப பேசலாம்ல சார்? எங்கியாவது தப்பா சொன்னேனா?" "பஞ்சம் எழுபத்தாறு. எண்பத்தாறுன்னு சொல்லிட்டீங்க." "ஐயோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தாது வருஷம்னு தலைகீழா ஒப்பிச்சேனே. உங்களுக்கு அப்பவே தெரியுமா?" "தெரியும்." "எப்படி சார் பேசாம இருந்தீங்க?" "கஷ்டப்பட்டுத்தான் இருந்தேன்" என்றார், அவள் வாய்விட்டுச் சிரித்தாள், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துத் தானும் சிரித்தார். பாஸாகிவிடுவாள், வில்வநாதனுக்கு அதில் சந்தேகம் இல்லை, அந்த ஒரு வரிக்கே மார்க் கொடுக்கலாம். ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது. அனல் காற்று இரண்டு பக்கமும் புகுந்து அடித்தது. காற்று மாறியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாலமா சார்? ஆத்துல தண்ணி போகுதா?" எட்டிப் பார்த்தார். தினமும் தாண்டுகிற ஆறு, பார்த்து எத்தனை காலமாயிற்று. "முழுக்க மணல்தான்" என்றார். "அந்தக் கரையோரமா ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணி. முழங்கால் ஆழம் இருக்கும். ரெண்டு பேர் துணி துவைக்கறாங்க, ஒரு சிவப்புப் புடவையை மணல்ல விரிச்சிருக்காங்க, நாலு மூலைக்கும் கல்லு வெச்சு." நிறுத்தினார். அவள் முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது, மடிமேல் வைத்திருந்த விரல்கள் அசையாமல் இருந்தன. "ம், அப்புறம்?" என்றாள். ஆட்டோக்காரரும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். "ஒரு நாய் தண்ணியில எறங்கலாமா வேணாமான்னு நிக்குது" என்று அவர் சொல்ல ஆரம்பித்தார், பாலம் முடிய இன்னும் பாதி இருந்தது.